கண்ணாடி காட்டுவது யாரை?

நம் இல்லங்களில் பூஜையறைக்கு அடுத்தபடியாக, நாள் தவறாமல் நாம் சென்று நிற்கும் இடம் கண்ணாடியின் முன்புதான். பூஜையறையில் நிற்கும்போது மனம் அங்குமிங்கும் ஓடுகிறது. கண்ணாடியின் முன்போ அது எளிதில் ஒருமுகப்பட்டுவிடுகிறது. நெற்றியில் ஒரு பரு, காதோரம் ஒரு நரை, கழுத்தில் ஒரு கருமை, இடுப்பில் ஒரு மடிப்பு. எதுவும் கண்ணுக்குத் தப்புவதில்லை. அவ்வளவு கூர்ந்து பார்த்த பின் பலருடைய உள்ளத்தில் எழும் தீர்ப்பு ஒன்றே: "நான் சரியாக இல்லை."

இந்தத் தீர்ப்பைச் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். பார்க்கப்பட்டது தோல், தீர்ப்பு வழங்கப்பட்டதோ 'நான்' என்பதற்கு. தோலிலிருந்து 'நான்' வரை மனம் எப்படித் தாவியது? அந்தத் தாவலுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? அதிலிருந்து மீளும் வழி யாது? இவற்றையே இந்தப் பாடத்தில் ஆராயவிருக்கிறோம்.

இது இளம் பருவத்தினரின் சில்லறைக் கவலை என்று ஒதுக்கத்தக்கதன்று. நண்பர்களின் கேலிக்கு அஞ்சிப் பள்ளிக்குச் செல்ல மறுக்கும் சிறுவன், உணவைக் கண்டால் ஒதுங்கும் கல்லூரி மாணவி, பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிச் சென்ற ஒரு சொல்லைப் பல்லாண்டு சுமக்கும் சகோதரி, முடி உதிர்ந்ததால் உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்க்கும் நடுவயதினர் ஆகிய எல்லோரும் நம்மிடையே இருக்கிறார்கள். சத்சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் உடனே, "நீ இந்த உடல் அன்று" என்று உபதேசித்துவிடுகிறோம். உபதேசம் உண்மையே. ஆயினும் அது உள்ளே இறங்காதபோது, பழைய வேதனையோடு புதியதொரு வேதனையும் சேர்கிறது: "இவ்வளவு கேட்டும் இந்த அற்பக் கவலை என்னை விட்டுப் போகவில்லையே!" ஆகவே, மருந்தை எந்த நோய்க்கு, எந்த முறையில் தருவது என்பதை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

நீர் நிறைந்த பாத்திரம்

சாந்தோக்கிய உபநிஷத்தின் எட்டாவது அத்தியாயத்தில் இந்தப் பிரச்சினையையே தொடும் வரலாறு ஒன்று வருகிறது. மூப்பும் மரணமும் சோகமும் பசி தாகமும் அற்ற ஆத்மாவை அறிந்தவன் எல்லா உலகங்களையும் அடைகிறான் என்று பிரஜாபதி அறிவிக்கிறார். செய்தி தேவர்களுக்கும் எட்டுகிறது; அசுரர்களுக்கும் எட்டுகிறது. தேவர்களின் சார்பில் இந்திரனும், அசுரர்களின் சார்பில் விரோசனனும் கையில் சமித்துக்களுடன் பிரஜாபதியை அணுகி, 32 ஆண்டுகள் பிரம்மசரியம் காக்கிறார்கள்.

கண்ணினுள் காணப்படும் புருஷனே ஆத்மா என்று பிரஜாபதி உபதேசிக்கிறார். அவர் சுட்டியது காண்பவனை. சீடர்களோ காணப்படும் பிம்பத்தைப் பற்றிக்கொள்கிறார்கள். நீரிலும் கண்ணாடியிலும் தெரிகிறதே, அதுவா என்று கேட்கிறார்கள். நீர் நிறைந்த பாத்திரத்தில் பார்க்கும்படி பிரஜாபதி பணிக்கிறார். உரோமம் முதல் நகம் வரை தங்கள் உருவம் அதில் தெரிவதாக இருவரும் கூறுகிறார்கள். நல்ல ஆடை அணிந்து, அலங்கரித்துக்கொண்டு மீண்டும் பார்க்கச் சொல்கிறார். இப்போது அலங்கரித்த உருவம் தெரிகிறது. இருவரும் மனநிறைவுடன் விடைபெறுகிறார்கள். ஆத்மாவை அறியாமலேயே இவர்கள் செல்கிறார்களே என்று பிரஜாபதி அவர்களைப் பார்த்தபடி நிற்கிறார்.

விரோசனன் நேராகத் தன் கூட்டத்தாரிடம் சென்று, இந்த உடலே ஆத்மா, இதையே போற்ற வேண்டும், இதற்கே தொண்டு செய்ய வேண்டும் என்று போதித்தான். அதனால் அது அசுரர்களின் உபநிஷத்து எனப் பெயர் பெற்றது. இந்திரனோ பாதி வழியில் நின்றுவிட்டான். உடல் அலங்கரிக்கப்பட்டால் பிம்பமும் அலங்கரிக்கப்படுகிறது. அவ்வாறாயின் உடல் குருடானால் அதுவும் குருடாகும், முடமானால் முடமாகும், உடல் அழிந்தால் அதுவும் அழியும். இதில் நன்மை என்ன இருக்கிறது என்று ஐயுற்று, மீண்டும் சமித்தை எடுத்துக்கொண்டு குருவிடம் திரும்பினான்.

இருவரும் பார்த்தது ஒரே பாத்திரத்தில், ஒரே நீரில். பார்த்ததையே முடிந்த முடிபாகக் கொண்டவன் விரோசனன். பார்த்ததைக் கேள்விக்கு உட்படுத்தியவன் இந்திரன். இன்று நாம் ஒவ்வொருவரும் கண்ணாடியின் முன் நிற்கும்போது இவ்விருவரில் ஒருவராகவே நிற்கிறோம்.

உடலும் உடலைப் பற்றிய எண்ணமும்

கண்ணாடியில் நாம் காண்பது உடலைத்தான் என்று எண்ணுகிறோம். உளவியல் அறிஞர்கள் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. உடல் வேறு, உடலைப் பற்றி மனம் வரைந்து வைத்திருக்கும் சித்திரம் வேறு என்பது அவர்களுடைய முடிவு. வியன்னாவில் பிறந்த மருத்துவர் பால் ஷில்டர் 1935-ஆம் ஆண்டில் இதைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். தன் உடலைப் பற்றி மனிதன் உள்ளத்தில் கொண்டிருக்கும் இந்தச் சித்திரத்தை 'உடற்பிம்பம்' எனலாம்.

உடற்பிம்பமும் உடலும் ஒன்றல்ல என்பதற்குத் தெளிவான சான்று, கையையோ காலையோ இழந்தவர்களிடம் கிடைக்கிறது. வெட்டி அகற்றப்பட்ட கை இன்னும் இருப்பதாகவே அவர்களில் பலர் உணர்கிறார்கள். இல்லாத கையில் வலியும் உண்டாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் இத்தகையோருக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டு உதவினார். ஒரு பெட்டியில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியுமாறு அமைத்தார். இருக்கும் கையை அவர்கள் விரித்தபோது, இறுக மூடிக்கிடந்ததாக உணரப்பட்ட இல்லாத கையும் விரிந்ததாகப் பலர் உணர்ந்தார்கள். சிலருக்கு வலியும் தணிந்தது. சதையே இல்லாத இடத்திலும் உடற்பிம்பம் வாழ்கிறது. அது மாறவும் செய்கிறது.

1980-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு நம் பாடத்திற்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்க உளவியலாளர்களான கிளெக், ஸ்ட்ரென்டா ஆகிய இருவரும் சிலருடைய முகத்தில் ஒப்பனையால் ஒரு பெரிய தழும்பை வரைந்தார்கள். கண்ணாடியில் அதைப் பார்க்கவும் செய்தார்கள். பின்னர், தழும்பு வெடிக்காமல் இருக்க ஒரு களிம்பு தடவுவதாகக் கூறி, அவர்கள் அறியாமல் அதைத் துடைத்துவிட்டார்கள். முகத்தில் தழும்பு இல்லை; மனத்தில் மட்டும் இருந்தது. அந்நிலையில் வேறொருவருடன் உரையாடிவிட்டு வந்தவர்கள், எதிரில் இருந்தவர் தம் தழும்பினால் சங்கடப்பட்டார், வேறுவிதமாக நடந்துகொண்டார் என்றெல்லாம் தெரிவித்தார்கள். இல்லாத தழும்பைப் பிறர் வெறித்துப் பார்ப்பதாக அவர்கள் கண்டார்கள்!

நம்மைப் பிறர் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதிலும் மனம் தவறாகவே கணக்கிடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட சட்டையை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டை அணிந்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினரே.

இதனால் உலகில் ஏளனமே இல்லை என்று கொள்ளலாகாது. ஏளனம் உண்டு. தோற்றத்தைக் கொண்டு குணத்தை எடைபோடும் வழக்கமும் உண்டு. அழகான முகமுடையோர் நல்ல குணமும் உடையவர்களாகவே இருப்பார்கள் என்று மக்கள் எளிதில் கருதிவிடுவதை 1972-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றும் எடுத்துக்காட்டியது. ஆனால் உலகம் ஒருமுறை சொன்னதை மனம் ஆயிரம் முறை சொல்கிறது. உலகம் சொல்லாததையும் உலகின் குரலில் சொல்கிறது. நம்மை அதிகம் வருத்துவது இந்த இரண்டாவது குரலே.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

குழந்தை பிறக்கும்போது தன் மூக்கைப் பற்றி எந்த அபிப்பிராயத்தோடும் பிறப்பதில்லை. தவழும் குழந்தை தன் தொந்தியைத் தானே தட்டிச் சிரிக்கிறது. பின் எப்போது வெட்கம் புகுந்தது?

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜித் தீவுகளில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே நல்ல உடற்கட்டும் நிறைந்த பசியும் மரபாகப் போற்றப்பட்டு வந்தன. ஒருவர் மெலிந்தால், அவரைக் கவனிப்பார் இல்லையோ என்று சுற்றத்தார் கவலைப்படுவார்கள். அத்தீவுகளின் நத்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க மருத்துவர் ஆன் பெக்கர் அப்போதும், மூன்றாண்டுகள் கழித்து 1998-இலும் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆய்வு செய்தார். எடையைக் குறைப்பதற்காகத் தாமே வாந்தி எடுக்கும் பழக்கம் 1995-இல் அவர்களில் ஒருவரிடமும் இல்லை, 1998-இல் 11.3 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. அந்த மூன்றாண்டுகளில் அந்தப் பெண்களின் உடல் அமைப்பு மாறிவிடவில்லை. எதை அழகு என்பது என்ற அளவுகோல் மாறிவிட்டது.

அன்று ஒரு பெட்டி செய்த வேலையை இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசி செய்கிறது. திருத்தி மெருகேற்றிய படங்களோடு நம் திருத்தாத முகத்தை நாள் முழுவதும் ஒப்பிடுகிறோம். தன் சொந்தப் படத்தையே திருத்திவிட்டு, பிறகு அந்தப் படத்துக்கு ஈடாகத் தான் இல்லையே என்று வருந்துவோரும் உண்டு.

நம் நாட்டில் நிறத்தின் பொருட்டு எத்தனை கண்ணீர்! வரன் தேடும் விளம்பரங்களில் கல்விக்கும் குணத்திற்கும் முன்னே நிறம் வந்து நிற்கிறது. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த முகக்களிம்பு, 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாற்றப்பட்டது. பெயரை மாற்றுவது எளிது. பார்வையை மாற்றுவதே கடினம். கரிய நிறத்தவன் என்பதையே பெயராகக் கொண்ட கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் நாம், வீட்டில் பிறந்த குழந்தையின் காது மடலைத் திருப்பி, பிற்காலத்தில் என்ன நிறம் வரும் என்று பார்க்கிறோம். வேதங்களை வகுத்தவரின் பெயரும் கிருஷ்ண துவைபாயனர்தான். பாஞ்சாலியின் மறுபெயரும் கிருஷ்ணைதான்.

பெரும்பாலும் முதல் விதை வீட்டில்தான் விழுகிறது. "அக்கா மாதிரி நீ இல்லையே", "இப்படிச் சாப்பிட்டால் எவன் கட்டிக்கொள்வான்?", "வெயிலில் போகாதே, ஏற்கெனவே கறுப்பு" என்று சொல்பவர்கள் பகைவர்கள் அல்லர், அன்புடையவர்களே. அதனாலேயே அச்சொற்கள் ஆழமாக இறங்குகின்றன. சொன்னவர் மறுநாளே மறந்துவிடுகிறார். கேட்ட குழந்தை நாற்பது வயதிலும் கண்ணாடியின் முன் அதே சொல்லைக் கேட்கிறது.

இரண்டு தாவல்கள்

இப்போது சாஸ்திரத்தின் பார்வையில் இதை ஆராய்வோம். கயிற்றின்மீது பாம்பை ஏற்றிக் காண்பதைப் போல, ஒன்றின் தன்மையை மற்றொன்றின்மீது ஏற்றுவதை 'அத்யாஸம்' என்கிறோம். உடலின் தன்மையை ஆத்மாவின்மீது ஏற்றி, 'நான் கறுப்பு', 'நான் குட்டை', 'நான் பருமன்' என்று சொல்வது தேகாத்ம புத்தி. இது நாம் பல முறை கேட்டிருக்கும் பாடமே.

ஆனால் மேலே கண்டவற்றைக் கூர்ந்து நோக்கினால், தாவல் ஒன்றன்று, இரண்டு என்பது விளங்கும். முதல் தாவலில், பிறருடைய கருத்தை நம் உடலின்மீது ஏற்றுகிறோம். 'கறுப்பு' என்பது தோலின் குணம்; 'கறுப்பு குறை' என்பது தோலின் குணமன்று, யாரோ ஒருவர் மனத்தில் எழுந்த எண்ணம். அவ்வெண்ணத்தைத் தோலின் குணமாகவே காண்கிறோம். இரண்டாவது தாவலில், அவ்வாறு குறையுள்ளதாக்கப்பட்ட உடலை 'நான்' என்பதன்மீது ஏற்றுகிறோம். ஆக, 'நான் குறையுடையவன்' என்ற வாக்கியம், ஒரு மாயையின் மேல் எழுப்பப்பட்ட மற்றொரு மாயை.

முதல் தாவலை அவிழ்க்காமல் இரண்டாவதை மட்டும் அவிழ்க்க முயல்வதால்தான் உபதேசம் பலருக்குப் பயன்படாமல் போகிறது. "உன் உடல் குறையுடையதுதான், ஆனால் நீ உடல் அல்லவே" என்ற தொனியில் ஒருவருக்கு ஆறுதல் சொன்னால், அவமதிப்பை உறுதி செய்துவிட்டு அதன்மேல் வேதாந்தத்தைப் பூசியதாகவே முடியும். முதலில், 'குறை' என்ற சொல் உடலைச் சார்ந்ததன்று, ஒரு கருத்தைச் சார்ந்தது என்று காட்ட வேண்டும். அதன் பின்னரே, உடலையும் கருத்தையும் ஒருங்கே அறிந்து நிற்கும் சாட்சியைச் சுட்ட வேண்டும்.

காணப்படுவது காண்பவனாகாது. கண்ணாடியில் உள்ள உருவம் காணப்படுகிறது. அதைத் தொடர்ந்து எழும் 'நான் சரியாக இல்லை' என்ற எண்ணமும் அந்தக்கரணத்தில் எழும் ஒரு விருத்தியே, அதுவும் காணப்படுகிறது. காலையில் அது எழுந்ததை அறிகிறோம். வேலையில் மூழ்கியபோது அது இல்லாததை அறிகிறோம். ஆழ்ந்த உறக்கத்தில் அது முற்றிலும் மறைகிறது. வந்து போகும் ஒன்று நம் ஸ்வரூபமாக இருக்க முடியாது. அந்த எண்ணத்தை அறியும் அறிவு கறுப்புமன்று, வெளுப்புமன்று. அதில் பருமனும் இல்லை, மெலிவும் இல்லை.

வெறுப்பு வைராக்கியம் ஆகாது

இவ்விடத்தில் சாதகர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒரு வளைவு உள்ளது. உடலை வழிபடுவது அசுர உபநிஷத்து என்று சாந்தோக்கியம் காட்டியது. அப்படியானால் உடலை வெறுப்பது தெய்வ உபநிஷத்து ஆகுமா? ஆகாது. பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம், சாஸ்திரம் விதிக்காத கொடுந்தவத்தால் உடலை வருத்தி, அதன் உள்ளே உறையும் இறைவனையும் வருத்துவோரை அசுரத் துணிபு உடையோர் என்றே குறிப்பிடுகிறது. வழிபடுவதும் அசுரம், வதைப்பதும் அசுரம்! இரண்டிலும் பொதுவானது ஒன்றுண்டு: இருவருமே இரவும் பகலும் உடலையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கௌதம புத்தர் ஞானம் பெறுவதற்கு முன் கடும் உண்ணாநோன்பினால் எலும்புக்கூடாக மெலிந்தார். அந்த வழி விடுதலை தராது என்று தெளிந்து, சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார். அதன் பிறகே போதி மரத்தடியில் அமர்ந்தார். அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்தின் கருத்து. திருமூலரும் முன்பு உடலை இழிவாக எண்ணியிருந்ததையும், அதனுள் இறைவன் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்த பின் அதைப் பேணலானதையும் பாடியிருக்கிறார்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உடற்பிம்பம் மிகவும் சிதையும்போது அது நோயாகவே ஆகிவிடுகிறது. இல்லாத அல்லது மிகச் சிறிய குறையை எண்ணி, மணிக்கணக்கில் கண்ணாடியைப் பார்த்துத் துன்புறும் நிலையை இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி 1891-லேயே விவரித்தார். இந்நோயுடையோர் அழகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாலும் பெரும்பாலும் நிம்மதி அடைவதில்லை. குறை இருப்பது தோலில் அன்றே! மற்றொரு வகையில், மெலிந்த பின்னும் தான் பருமனாக இருப்பதாகவே எண்ணி உணவை மறுப்பவர்கள் உண்டு. அந்நோய் உயிரைப் பறிக்கவும் கூடும்.

நம் குடும்பங்களில் இந்நோய் விரத வேடம் பூண்டு வர வாய்ப்புண்டு. ஏகாதசி, வெள்ளி, சஷ்டி, பிரதோஷம் என்று நாள்கள் பெருகும், "எவ்வளவு பக்தி!" என்று நாமும் மகிழ்வோம். இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உள்ளன. விரதத்திற்குத் தொடக்கமும் பாரணையும் உண்டு. நோய்க்குப் பாரணை இல்லை. விரதம் இருப்பவர் மனம் இறைவனிடம் இருக்கும். நோயுற்றவர் மனம் எடை காட்டும் இயந்திரத்தில் இருக்கும். விரதத்தின் பின் பிரசாதம் மகிழ்ச்சியோடு உண்ணப்படும். நோயில் ஒரு கவளமும் அச்சத்தோடும் குற்ற உணர்வோடும் உண்ணப்படும். மாதவிலக்கு நின்றுபோதல், மயக்கம், உண்டபின் ஒளிந்து வாந்தி எடுத்தல், பிறரோடு அமர்ந்து உண்ண மறுத்தல் ஆகியவை தெரிந்தால் உபதேசத்திற்குக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இதற்கு நல்ல சிகிச்சைகள் உள்ளன. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து உண்பது எப்படி ஆத்ம ஞானத்திற்கு விரோதமன்றோ, அப்படியே இதுவும்.

அஷ்டாவக்கிரர் வென்ற நாள்

தோற்றத்தைப் பற்றிப் பேசும்போது அஷ்டாவக்கிர முனிவரை நினைக்காமல் இருக்க இயலாது. அவருடைய வரலாறு மகாபாரதத்தின் வன பர்வத்தில் வருகிறது. தாயின் கருவில் இருந்தபடியே, தந்தை கஹோடர் வேதம் ஓதுவதில் பிழை இருப்பதைக் குழந்தை எடுத்துரைத்தது. சினங்கொண்ட தந்தை சபித்தார். எட்டுக் கோணல்களோடு குழந்தை பிறந்தது. பின்னர் அத்தந்தை ஜனகரின் அவையில் வந்தி என்ற வித்துவானிடம் வாதில் தோற்று, நீரில் அமிழ்த்தப்பட்டார்.

இதையறிந்த அஷ்டாவக்கிரர் பன்னிரண்டு வயதில் ஜனகரின் வேள்விக்குச் செல்கிறார். சிறுவன் என்று வாயிற்காவலன் தடுக்கிறான். நரையினால் மட்டும் ஒருவர் முதியவராகிவிடுவதில்லை என்று அவனுக்கு விடை கூறி உள்ளே நுழைகிறார், வந்தியை வெல்கிறார், தந்தையை மீட்கிறார். மகிழ்ந்த தந்தை, சமங்கை நதியில் நீராடும்படி மகனைப் பணிக்கிறார். நீராடி எழுந்தபோது அங்கங்கள் நேராகின.

இவ்வரலாற்றில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, குழந்தையை வளைத்தது தந்தையின் சொல். நம் வீட்டுச் சொற்கள் எலும்பை வளைப்பதில்லை. ஆனால் உடற்பிம்பத்தை வளைக்கின்றன. இரண்டாவது, அஷ்டாவக்கிரர் தம் உடல் நேராகட்டும் என்று காத்திருக்கவில்லை. அவையில் வென்றது எட்டுக் கோணல் கொண்ட உடலே. நேரானது வெற்றிக்குப் பின்னர்தான். "எடை குறைந்த பிறகு நடனம் கற்பேன், முகப்பரு மறைந்த பிறகு மேடையேறுவேன், முதலில் தோற்றம், பிறகு வாழ்க்கை" என்று ஒத்திவைக்கும் நம் மனத்திற்கு இது நேரான விடை. மூன்றாவது, எந்த வாயிலிருந்து சாபம் வந்ததோ அந்த வாயிலிருந்தே நன்மொழியும் வந்தது. புண்படுத்திய பெரியவர்களே அன்பான சொல்லால் ஆற்றவும் முடியும். அதற்குக் காலம் கடந்துவிடவில்லை.

சாதனைக் குறிப்புகள்

1. கண்ணாடியின் முன் நிற்கும்போது மூன்றைப் பிரித்துப் பாருங்கள்: 'இது உருவம், இது அதைப் பற்றிய எண்ணம், இவ்விரண்டையும் அறிபவன் நான்.' ஒரு நிமிடம் போதும். எண்ணத்தோடு சண்டையிட வேண்டாம். அது எண்ணம் என்று அறிந்தால் போதும்.

2. எண்ணம் எழும்போது, 'இது யாருடைய குரல்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் பழைய ஒரு வகுப்பறையோ, விருந்தோ, விளம்பரமோ நினைவுக்கு வரும். பிறருடையது என்று தெரிந்த பொருளை நாம் வைத்துக்கொள்வதில்லை.

3. ஒரு மாத காலம், எவருடைய நிறம், எடை, உயரம், முடி ஆகியவற்றைப் பற்றியும் வீட்டில் பேசுவதில்லை என்று குடும்பத்தோடு வாக்குத் தவம் மேற்கொள்ளுங்கள். "இளைத்துவிட்டாயே", "பெருத்துவிட்டாயே" என்று வரவேற்பதற்குப் பதிலாக "வா, சாப்பிட்டாயா?" என்று வரவேற்கலாம்.

4. உறங்குமுன், அன்று உடல் செய்த பணிகளை நினைத்து நன்றி கூறுங்கள். இந்தக் கால்கள் நடந்தன, இந்தக் கைகள் பரிமாறின, இந்தக் காதுகள் நாமம் கேட்டன. கருவியின் பெருமை அது செய்யும் பணியில் உள்ளது. தம்பூராவின் மரம் என்ன நிறம் என்று கேட்டுவிட்டு நாம் பஜனையில் அமர்வதில்லை.

5. அளவான உணவு, உடற்பயிற்சி, தூய்மை, பாங்கான உடை ஆகியவற்றை விட்டுவிட வேண்டாம். இறைவனின் வாகனத்தைத் துடைத்து வைப்பது போல அவற்றைச் செய்யுங்கள். நோக்கம் அச்சமா, அன்பா என்பதே கேள்வி.

இந்திரன் திரும்பிய வழி

இந்திரன் ஒருமுறை திரும்பியதோடு நிற்கவில்லை. மேலும் 32 ஆண்டுகள், மீண்டும் 32 ஆண்டுகள், இறுதியில் 5 ஆண்டுகள் என மொத்தம் 101 ஆண்டுகள் குருவிடம் வாழ்ந்தான் என்கிறது உபநிஷத்து. தேவர்களின் தலைவனுக்கே கண்ணாடியின் மயக்கத்திலிருந்து முற்றிலும் விடுபட அவ்வளவு காலம் பிடித்தது. ஆகவே, சில மாதச் சாதனைக்குப் பின்னும் கண்ணாடியின் முன் பழைய கவலை தலைகாட்டினால், நமக்குத் தகுதியில்லை என்று சோர வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை கவலை எழும்போதும், அதைப் பாதி வழியில் நிறுத்திக் கேள்வி கேட்பதே சமித்தை மீண்டும் கையில் எடுப்பதாகும்.

அவ்வாறு கேட்கத் தெரிந்தவருக்குக் கண்ணாடி பகைவன் அன்று. திருநீறோ திலகமோ நேராக இட உதவும் ஒரு பொருள், அவ்வளவே. பொட்டு வைத்துக்கொண்டு, புன்னகையோடு நகர்ந்துவிடலாம்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

அ. விரோசனனும் இந்திரனும் ஒரே பிம்பத்தைக் கண்டும் வெவ்வேறு முடிவுக்கு வந்தது ஏன்?

ஆ. 'இரண்டு தாவல்கள்' யாவை? உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

இ. விரதத்தையும் உணவு மறுக்கும் நோயையும் எவ்வாறு பிரித்தறியலாம்?

ஈ. நம் வீட்டுக் குழந்தைகளிடம் நாம் இனிச் சொல்லாமல் விட வேண்டிய வாக்கியம் எது? சொல்ல வேண்டிய வாக்கியம் எது?